தீவாகும் முன்னே வந்தவர்கள்

மனிதன் தீவுகளில் குடியேறிய வரலாறு என்றதும் படகும் துடுப்பும் நம் நினைவுக்கு வரும். ஆனால், போர்னியோவுக்கு முதலில் சென்ற மனிதர்கள் நடந்தே சென்றிருக்க முடியும்.

பனியூழிக் காலத்தில் கடல்நீரின் ஒரு பகுதி பனிப்பாறைகளாக உறைந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைய நிலையைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. பனியூழியின்போது தீபகற்ப மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவை ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. அந்நிலப்பரப்பைச் ‘சுண்டா’ என்பர்.

சரவாக்கின் நியா குகையில் 1958ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மண்டையோடு ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் பழமையானது. அங்கு வாழ்ந்தோர் மழைக்காட்டின் நச்சுக் கிழங்குகளையும் கொட்டைகளையும் உண்டதற்குச் சான்றுகள் உள்ளன. நீரில் ஊறவைத்தோ சாம்பலில் புதைத்தோ நஞ்சை நீக்கினால்தான் அவற்றை உண்ண இயலும்.

போர்னியோவுக்குக் கிழக்கே உள்ள ஆழ்கடல் பனியூழியிலும் வற்றவில்லை. எனினும், அதற்கு அப்பாலுள்ள சுலாவெசித் தீவின் குகையொன்றில் 45,000 ஆண்டுகளுக்கும் முந்தைய காட்டுப்பன்றி ஓவியம் காணப்படுகிறது. அதை வரைந்தோரின் முன்னோர் கடலைக் கடந்தே வந்திருக்க வேண்டும்.

பின்னர்ப் பனி உருகியது, கடல் உயர்ந்தது, நடந்து வந்த நிலம் தீவுகளாகப் பிரிந்தது. அம்மாற்றம் நிகழ்ந்த காலத்தில் வாழ்ந்தவனே ‘பேராக் மனிதன்’. தைப்பிங்கிற்குக் கிழக்கே, பிந்தாங் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள லெங்கோங் பள்ளத்தாக்கில் 1991ஆம் ஆண்டு அவனது எலும்புக்கூடு கிடைத்தது. அது 10,000 ஆண்டுகள் பழமையானது. பிறவியிலேயே கைக்குறைபாடு இருந்தும் அவன் நடுத்தர வயதுவரை வாழ்ந்திருக்கிறான். இறந்தபின், உணவும் கற்கருவிகளும் உடன்வைத்து அவனை அடக்கம் செய்துள்ளனர்.

நிலமும் கடலும் மாறியபோது மனித இனத்தைக் காத்தவை அறிவும் ஒருவரையொருவர் பேணிய பண்புமே எனலாம்.