ஹெட்ஃபோனில் சத்தம் குறைகிறதா? குமிழை முழுதாகத் திருப்பும் முன்...

ஃபஜ்ருக்குப் பின் கிராஅத், இரவில் பயான் என்று கேட்பது நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு வழக்கமாகிவிட்டது. மற்றவர்களின் தூக்கம் கெடக் கூடாதே என்று ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிறார்கள். "சத்தம் பத்தலை" என்று வாப்பா சொன்னதும், பிள்ளைகள் சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி இணைத்துவிடுகிறார்கள். அதன் பிறகும் சத்தம் குறைவாகவே இருந்தால், வேறு ஆம்ப் வாங்கும் முன் ஃபோனிலிருந்து காது வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஒவ்வொரு முறை வயரைத் தொடும்போதும் ஆம்பின் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஹெட்ஃபோனைக் காதிலிருந்து கழற்றிவிடுங்கள். கோளாறு சரியாகும் நொடியில் முழுச் சத்தமும் காதில் அறைந்துவிடும்.

1. ஃபோனின் வால்யூம்

இங்கே இரண்டு வால்யூம்கள் உள்ளன. ஃபோனில் பாதி வைத்தால் ஆம்புக்குப் போவதே பலவீனமான ஒலிதான். ஃபோனில் கிட்டத்தட்ட முழுதாக வைத்துவிட்டு, ஆம்பின் குமிழை மெல்ல ஏற்றுங்கள். காதைக் காக்க, ஹெட்ஃபோன் சத்தத்துக்கு வரம்பு வைக்கும் வசதியும் பல ஃபோன்களில் உண்டு. அது செட்டிங்ஸில் இயங்குகிறதா என்று பாருங்கள். வேறொரு பதிவையும் போட்டுப் பாருங்கள். மைக்கிலிருந்து தள்ளி நின்று பேசிய பழைய பயான் என்றால் பதிவிலேயே சத்தம் குறைவு.

2. பின்னும் வயரும்

நாம் அதிகம் கவனிக்கத் தவறும் இடம் இது. 3.5 மி.மீ. பின் முழுதாக உள்ளே போகாவிட்டாலோ, மைக் உள்ள ஹெட்செட்டின் நான்கு பட்டைப் பின் மூன்று பட்டைக்கான துளையில் சரியாகப் பொருந்தாவிட்டாலோ, இரு காதுக்கும் பொதுவான இணைப்பு விட்டுப்போகும். அப்போது இரு பக்கமும் ஒன்றுபோல் வரும் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். ஓதுபவரின் குரல் பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றுபோல்தான் பதிவாகியிருக்கும். அதனால் குரல் மங்கி, எதிரொலி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அப்படிக் கேட்டால் குறை பின்னில்தான். துளையில் சேர்ந்த பஞ்சையும் தூசியையும் அகற்றி, வேறு வயர் போட்டுப் பாருங்கள்.

3. ஆம்ப்

வயர் 'இன்' துளையில்தான் உள்ளதா? 'கெய்ன்' சுவிட்ச் இருந்தால் 'லோ'வில் உள்ளதா? ஹெட்ஃபோனின் ஓம் அளவையும் பாருங்கள். 16 முதல் 32 ஓம் வரையுள்ளவற்றைச் சாதாரண ஃபோனே இயக்கிவிடும். ஸ்டுடியோக்களில் பயன்படும் 250, 300 ஓம் ஹெட்ஃபோன்களுக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அவற்றுக்குத்தான் 'ஹை கெய்ன்'. ப்ளூடூத்தில் கேட்பவர்களுக்கு வெளி ஆம்பால் பயனில்லை. அந்த ஹெட்ஃபோனுக்குள்ளேயே ஆம்ப் இருக்கிறது.

4. இயர்ஃபோனின் வலை

காதுக்குள் வைக்கும் வகையில், நுனியிலுள்ள சிறு வலையைக் காதழுக்கு அடைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைய இது பொதுவான காரணம். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். ஊசியால் குத்தினால் வலை கிழியும்.

5. கடைசியாக, காது

இத்தனையும் சரி என்றால், அதே ஹெட்ஃபோனை அதே அளவில் வீட்டில் வேறொருவர் கேட்டுப் பார்க்கட்டும். அவருக்குச் சத்தம் போதுமென்றால் பழுது கருவியில் இல்லை. காதழுக்கு அடைத்திருக்கலாம், வயதால் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். வயதால் வரும் குறைவு முதலில் மெல்லிய, உயர்ந்த ஒலிகளைத்தான் பாதிக்கும். ஸீன், ஷீன், ஃபா போன்ற எழுத்துகள் தெளிவில்லாமல் போகும். "சத்தம் வருது, ஆனா என்ன ஓதுறாங்கன்னு புரியலை" என்று பெரியவர் சொன்னால் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஹெட்ஃபோன் ஆம்ப் எல்லா ஒலியையும் சேர்த்தே ஏற்றும். அது செவித்துணைக் கருவிக்கு மாற்றாகாது. காதில் எண்ணெய் ஊற்றுவதும் குச்சி விடுவதும் வேண்டாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். தாமதித்தால் மீள்வது கடினம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறினால் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. காரணம் தெரியாமல் குமிழை ஏற்றுவதன் ஆபத்து இதுதான்.

செவி அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பற்றியும் விசாரணை உண்டு என்று அல்குர்ஆன் (17:36) நினைவூட்டுகிறது. வாப்பாவுக்கு ஆம்ப் வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. இன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்பதை நாமும் ஒரு முறை கேட்டுப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.