முதல் வரைவிலிருந்து அச்சுக்கு: ஆய்வுக்கட்டுரைத் திருத்தம்

கருத்தரங்கில் படிக்கப்படும் உரையும் தொகுதியில் அச்சேறும் கட்டுரையும் ஒன்றல்ல. அரங்கில் ஐயம் எழுந்தால் கட்டுரையாளர் விளக்கம் தருவார்; அச்சில் அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே திருத்தம் என்பது சொல்லழகு கூட்டுவது மட்டுமன்று. ஆசிரியர் உடனில்லாத இடத்திலும் கட்டுரையைத் தன் காலில் நிற்கச் செய்யும் பணியாகும்.

சிகாகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏ. கே. இராமானுசனின் ‘முந்நூறு இராமாயணங்கள்’ இதற்குத் தக்க சான்று. 1987 பிப்ரவரியில் பிட்சுபர்க் பல்கலைக்கழகக் கருத்தரங்கிற்கென எழுதப்பட்ட அக்கட்டுரை, பவுலா ரிச்மன் பதிப்பித்த தொகுதியில், கலிபோர்னியாப் பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாகப் பெர்க்லியிலிருந்து 1991இல் வெளிவந்தது. அகலிகை நிகழ்ச்சியை வான்மீகியிலும் கம்பனிலும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியபின்னரே அது சமண, தாய்லாந்து வடிவங்களுக்குச் செல்கிறது. சான்று முன்னும் முடிபு பின்னுமாக அமைந்த வரிசை அது. ஆசிரியர் 1993இல் மறைந்தார். 2011இல் தில்லிப் பல்கலைக்கழகம் அதனைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது, அவர் சார்பில் பேச அச்சிட்ட பனுவலே எஞ்சியிருந்தது.

திருத்தத்தின் முதற்படி, கட்டுரையின் மையக்கருத்தை ஒரே தொடரில் எழுதிப் பார்ப்பது. பின்னர் ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் ஓரத்தில் ஒரு வரியாகக் குறித்தால், கூறியது கூறலும் இடையில் விடுபட்ட படியும் தாமே வெளிப்படும்.

இரண்டாம் படி, முடிபைச் சான்றோடு எடைபோடுவது. சங்கப் புலவருள் பெண்பாலார் பலர் என்பது சான்று. அக்கால மகளிர் அனைவரும் கல்வி பெற்றிருந்தனர் என்பது அச்சான்று தாங்காத முடிபு. அதனைச் சுருக்க வேண்டும், அல்லது வேறு சான்று தேட வேண்டும்.

மூன்றாம் படி, மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிடுவது. தொல்காப்பிய நூற்பாக்களின் எண் உரையாசிரியருக்கு உரையாசிரியர் வேறுபடும். உரையும் பதிப்பும் சுட்டாத எண், தொலைநாட்டு நூலகத்தில் அதனைத் தேடுபவரை வழிதவறச் செய்யும். உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றைப் புதிய பிரதிகளோடு ஒப்புநோக்கி மீண்டும் பதிப்பித்ததையும் இங்கு நினைக்கலாம்.

சந்தி, தொடரமைப்பு, ஒலிபெயர்ப்பு ஆகியவற்றைச் செப்பனிடுவது இறுதிப் படி. அதனை முதலில் செய்தால், மெருகேறிய பத்தியை நீக்க மனம் வராது. பிழையான வாதம் அழகிய நடைக்குள் ஒளிந்துகொள்ளும்.