அலைவரிசையில் அறிவு – 11: சொல்லிவிட்டுப் பேசுவது

1923-இன் தொடக்கத்தில், பிறந்து சில மாதங்களே ஆகியிருந்த பி.பி.சி.க்கு பிரிட்டிஷ் நாளிதழ் முதலாளிகளின் சங்கம் ஒரு நெருக்கடி கொடுத்தது. வானொலியில் என்னென்ன வரப்போகிறது என்ற பட்டியலைத் தங்கள் தாளில் போட வேண்டுமானால் விளம்பரக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். வானொலி வளர்ந்தால் பத்திரிகை தேயும் என்ற பயம் அவர்களுக்கு. பி.பி.சி.யை அப்போது நடத்திக்கொண்டிருந்த ஜான் ரீத், அந்தப் பட்டியலைத் தானே அச்சிட்டுவிட முடிவு செய்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ‘ரேடியோ டைம்ஸ்’ வார இதழ் வெளிவந்தது. வியாபாரப் போட்டியில் பிறந்த இதழ்தான். ஆனால் கேட்பவரின் கையில் அது கொடுத்தது, அடுத்த ஏழு நாட்களில் யார், எதைப் பற்றி, எத்தனை மணிக்குப் பேசுவார்கள் என்ற தகவலை. இசைக்கும் நாடகத்துக்கும் இந்தத் தகவல் ஒரு வசதி, அவ்வளவே. வரலாறு, சமூகம், பண்பாடு பற்றிய பேச்சுக்கு அது அதற்கும் மேல்: முன்னறிவிப்பு நிகழ்ச்சியின் ஓர் உறுப்பு. அதை வெட்டிவிட்டால், பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊனப்பட்டுவிடும்.

பி.பி.சி. பேச்சுத் துறையின் முதல் இயக்குநர் ஹில்டா மாத்தெசன். சர்ச்சைக்குரிய விஷயங்களைப் பேசக் கூடாது என்று பி.பி.சி. மேல் இருந்த அரசுத் தடை 1928-இல் நீங்கியது அவருடைய காலத்தில்தான். மேடையில் முழங்கிப் பழகிய பேராசிரியர்களை மைக்கின் முன் உட்காரவைத்து, ஒரே ஒருவரிடம் பேசுவதுபோலப் பேசவைத்தவர் அவர். எழுதி வாங்குவார், ஒத்திகை பார்ப்பார், திருத்தச் சொல்வார். பேச்சாளரைப் பழக்கிய அதே ஆண்டுகளில், கேட்பவரைப் பழக்கும் வேலையும் நடந்தது. ஒரு தொடர்ப்பேச்சு தொடங்கும் முன்பே அதற்கான சிறு கையேடுகள் அச்சாகிவந்தன. நூலகங்களிலும் தொழிலாளர் கல்வி வகுப்புகளிலும் ‘கேட்போர் குழுக்கள்’ கூடின. குறித்த நேரத்தில் கேட்டு, பெட்டியை அணைத்துவிட்டு விவாதிப்பார்கள். 1929 ஜனவரியில் தொடங்கிய ‘தி லிசனர்’ இதழ், ஒலிபரப்பான பேச்சுகளை அச்சில் கொடுத்தது. ஆக, ஒரு பேச்சுக்கு முன்னால் ஒரு தாள், பின்னால் ஒரு தாள். நடுவில் மட்டும் ஒலி. மாத்தெசன் ரீத்தோடு பிணங்கிச் சில ஆண்டுகளிலேயே விலகினார். நவீன இலக்கியம் பற்றிய பேச்சுகளில் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ பெயரே வரக் கூடாது என்ற ரீத்தின் பிடிவாதமும் அந்தப் பிணக்கில் இருந்தது. நல்லாசிரியர்களுக்கு நிர்வாகத்தோடு ஒத்துப்போவது எங்கேயும் கஷ்டம்தான்.

கையேடும் குழுவும் இல்லாமலே பேச்சு வேலை செய்யாதா என்று கேட்கலாம். இதற்கு விடை சொல்லும் சோதனை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1956-இல் யுனெஸ்கோ ஆதரவோடு அகில இந்திய வானொலி, புனே நிலையத்தின் வழியாக, அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. வாரம் இரண்டு, பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள். நாளும் நேரமும் முன்பே தெரியும். மன்றத்தார் கூடிக் கேட்பார்கள், பேசுவார்கள், தங்கள் கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். பால் நியூராத் என்ற சமூகவியலாளர் இதை அளந்தார். மன்றம் உள்ள ஊர்களோடு, மன்றமில்லாமல் வானொலி மட்டும் உள்ள ஊர்களையும், வானொலியே இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு வெகுவாக ஏறியிருந்தது. வானொலி மட்டும் இருந்த ஊர்களில் ஏற்றம் மிகக் குறைவு. ஊர் நடுவே பெட்டி பாடிக்கொண்டிருந்தது, பேசவும் செய்தது. ஆனால் இன்ன நாளில் இன்னது வருகிறது, அதற்காக உட்காருவோம் என்ற ஏற்பாடு அங்கே இல்லை.

இவை விவசாய நிகழ்ச்சிகள்தானே, உரத்தையும் பூச்சியையும் பற்றிய பேச்சை வைத்து வரலாற்றுப் பேச்சுக்கு முடிவு கட்டலாமா என்பது நியாயமான ஆட்சேபம். தஞ்சைப் பக்கத்தில் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. திருச்சி வானொலி பரப்பிய விதை அது. அறுவடை வந்துவிட்டால் கேட்டதன் பலன் கண்ணுக்குத் தெரியும், மன்றம் இல்லாவிட்டாலும் பக்கத்து வயலைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ளலாம். பல்லவர் கால நிலக்கொடைகளைப் பற்றிய பேச்சுக்குப் பக்கத்து வயல் கிடையாது. அது கேட்பவரின் மனத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால்தான் ஒட்டும். நெல்லுக்கே முன்னேற்பாடு இவ்வளவு தேவைப்பட்டதென்றால், வரலாற்றுக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் தேவைப்படும்.

முன்னறிவிப்பு செய்யும் இன்னொரு வேலை, கேட்பவரைத் தாண்டி ஊரையே பேச்சுக்குள் இழுப்பது. 1948-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு தொடங்கிய பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை 1993-இல் நிகழ்த்தியவர் எட்வர்டு செய்த். அவர் பேசப்போகிறார் என்ற அறிவிப்பு வந்த உடனேயே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. பாலஸ்தீனர்களின் உரிமைக்காகப் போராடுகிறவருக்கு இத்தகைய மேடையில் என்ன வேலை என்று கேட்டார்கள். இதை அவரே தன் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். ஒரு வார்த்தைகூட இன்னும் ஒலிபரப்பாகவில்லை, ஆனால் அறிவுஜீவி யார், அவர் யார் பக்கம் நிற்கலாம் என்ற வாதம் நடந்துகொண்டிருந்தது. அவருடைய சொற்பொழிவுகளின் பொருளும் அதேதான். 2025-இல் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். அந்த ஆண்டின் பேச்சாளர் ருட்கர் பிரெக்மன், பார்வையாளர்கள் முன்னிலையில் டிரம்பைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை பி.பி.சி. ஒலிபரப்பில் நீக்கிவிட்டது. பேச்சாளரே அதை வெளியே சொன்னார். நாள் குறித்து, ஆள் சொல்லி, கூட்டம் கூட்டி நடந்த பேச்சு என்பதால் வெட்டு மறையவில்லை. சத்தமில்லாமல் பதிவேற்றப்படும் ஒலிக்கோப்பில் எது வெட்டப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

ஒலிக்கோப்பு என்றதும் மிக வலுவான ஆட்சேபம் வந்து நிற்கிறது. இன்று யார் எட்டு மணிக்குக் காத்திருக்கிறார்கள்? பஸ்ஸில், சமையலறையில், நடைப்பயிற்சியில், வேண்டியபோது வேண்டியதைக் கேட்கிறார்கள். மெல்வின் பிராக் 1998 அக்டோபரில் தொடங்கி 2025-இல் விலகும்வரை நடத்திய ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியை உதாரணம் காட்டுவார்கள். வரலாறு, தத்துவம், அறிவியல் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் அதில் வந்திருக்கின்றன. 2004-லேயே பி.பி.சி. அதைப் பதிவிறக்கத்துக்குத் திறந்துவிட்டது. உலகம் முழுவதும் கேட்கிறார்கள். உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேமிப்பு எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த நேரம். ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். கடிகாரம் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் விருந்தினர்கள் சுற்றி வளைக்கவில்லை, பிராக்கும் சுற்ற விடவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் உண்டு. கட்டுக்குள் செய்த பொருளைக் கட்டில்லாமல் நுகர்கிறோம். நுகர்வின் சுகத்தைப் பார்த்துவிட்டு, தயாரிப்புக்கும் கட்டு வேண்டாம் என்பது சரியான கணக்கல்ல. கால எல்லையே இல்லாமல் இரண்டரை மணி நேரம் ஓடும் நம் யூடியூப் உரையாடல்கள் பலவற்றைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டியலை யார் போடுகிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு உண்மையில் சங்கடமானது. 1935-இல் இந்திய வானொலிக்குத் தலைமையேற்க வந்த லயனல் ஃபீல்டன், மாத்தெசனின் பேச்சுத் துறையில் வேலை பார்த்தவர். சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. நிகழ்ச்சிகளை முன்கூட்டிச் சொல்ல ஆங்கிலத்தில் ‘இந்தியன் லிசனர்’, தமிழில் ‘வானொலி’ என்று இதழ்களும் வந்தன. ஏற்பாடு அப்படியே பி.பி.சி.யினுடையது, எஜமான் மட்டும் அரசாங்கம். விடுதலைக்குப் பின்னும் எஜமான் மாறவில்லை. 1955-இல் வானொலியின் முதல் சர்தார் பட்டேல் நினைவுச் சொற்பொழிவை ராஜாஜி நல்ல நிர்வாகியைப் பற்றி நிகழ்த்தியது பெருமைக்குரியதே. ஆனால் அதே ஆண்டுகளில் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் மக்களின் ரசனையைத் திருத்தப் புறப்பட்டு, திரைப்பாடல்களுக்கு இடத்தைச் சுருக்க, மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-இல் விவிதபாரதியைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. மேலிருந்து போடப்படும் பட்டியலுக்குக் கேட்பவர் கட்டுப்பட்டவர் இல்லை என்பதை அது காட்டியது. ஆனால் இதிலிருந்து பட்டியலே வேண்டாம் என்று முடிவுகட்டுவது அவசரம். அச்சில் வந்த பட்டியலில் எது இல்லை என்பதும் தெரியும். ஆறு மாதத்து வரலாற்றுப் பேச்சுகளை வரிசையாகப் பார்த்தால், எந்தச் சாதியின் வரலாறு வரவில்லை, எத்தனை பெண்கள் பேசவில்லை என்று யாரும் எண்ணிக் கேட்கலாம். இன்று அந்த வேலையைக் கைப்பேசியின் பரிந்துரை செய்கிறது. எனக்கு ஒரு பட்டியல், உங்களுக்கு ஒரு பட்டியல். விடுபட்டதை எண்ண எங்கே போவது?

நேரத்தைக் கட்டிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1946 செப்டம்பரில் பி.பி.சி. தொடங்கிய ‘தேர்ட் புரோகிராம்’ வாராந்தர நிலையான நேரங்களையே வேண்டுமென்று தவிர்த்தது. பேச்சு எவ்வளவு நீளம் கேட்கிறதோ அவ்வளவு நேரம். பழக்கத்தால் பெட்டியைத் திருகுகிறவர் தங்களுக்கு வேண்டாம், பட்டியலைப் படித்துத் தேர்ந்து வருகிறவரே போதும் என்றது அது. கேட்டவர்கள் வெகு சிலர். 1957-இல் அதன் நேரத்தைக் குறைத்தபோது டி.எஸ். எலியட் முதலானோர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அந்தச் சிலருக்காக மக்கள் பணத்தைச் செலவிட்டது சரியா என்ற வழக்கை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம். எலியட் தரப்பு மட்டுமல்ல, எதிர்த் தரப்பும் கேட்கத்தக்கதுதான்.

(தொடரும்)