சென்னை வெள்ளிப் பாத்திரங்களும் ஹால்மார்க் முத்திரையும்

ஹால்மார்க் என்பது வெள்ளி, தங்கம் முதலிய உலோகப் பொருள்களின் தூய்மையைச் சோதித்து அவற்றின்மீது பொறிக்கப்படும் தர முத்திரை ஆகும். பொருளைச் செய்தவரே அதற்குச் சான்று கூறக்கூடாது என்பதே இதன் அடிப்படை. பிரித்தானியர் காலத்தில் சென்னையில் செய்யப்பட்ட வெள்ளித் தேநீர்க் கோப்பைகளிலும் தட்டுகளிலும் இத்தகைய முத்திரை கிடையாது. முத்திரை இல்லாததால் போலி என்று கருதப்பட்டு, எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்படும் ஆபத்து இவற்றுக்கு உண்டு.

இங்கிலாந்தில் 1300 ஆம் ஆண்டுச் சட்டம், ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருக்க வேண்டும் என்றும், சோதித்த பொருளில் சிறுத்தைத் தலை பொறிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. தனி வெள்ளி மிக மென்மையானது என்பதால் எஞ்சிய பங்காகப் பெரும்பாலும் செம்பு சேர்க்கப்படும். 1363 இல் செய்தவரின் குறியும், 1478 இல் ஆண்டைக் காட்டும் எழுத்தும், 1544 இல் நடக்கும் சிங்கமும் வந்தன. இலண்டன் பொற்கொல்லர் மன்றத்தின் ‘ஹால்’ என்ற கட்டடத்தில் முத்திரையிடப்பட்டதே பெயருக்குக் காரணம்.

பிரித்தானிய இந்தியாவில் இத்தகைய சோதனைமுறை கட்டாயமாக இருக்கவில்லை. நிறுவனங்கள் தங்கள் பெயரையோ முதலெழுத்துகளையோ பொறித்தன. கொல்கத்தாவின் ஹாமில்டன் நிறுவனம் யானை உருவத்தையும் சேர்த்தது. பார்வைக்கு ஆங்கிலேய முத்திரை போலிருந்தாலும் அது விற்பனையாளரின் வாக்குறுதி மட்டுமே.

சென்னையில் பெயர் பெற்றது பி. ஆர் அண்டு சன்ஸ். இன்று கைக்கடிகாரங்களுக்காக அறியப்படும் அண்ணா சாலைக் கடைதான் இது. தெய்வ உருவங்கள் வரிசையாகப் புடைத்து நிற்கும் ‘சுவாமி’ வேலைப்பாடு இதன் தனிச்சிறப்பு. கோயில் சிற்பங்களில் காணும் உருவங்கள் ஆங்கிலேயரின் தேநீர்க் கெண்டியில் ஏறியது வியப்புக்குரியதே! வேல்சு இளவரசர் 1875–76 இல் இந்தியா வந்தபோது பெற்ற பரிசுகளில் இந்நிறுவனத்தின் சுவாமி தேநீர்த் தொகுதியும் ஒன்று.

முத்திரை இருப்பதும் ஏமாற்றக்கூடும். ‘ஈ.பி.என்.எஸ்’ என்ற எழுத்துகள், நிக்கல் கலந்த உலோகத்தின்மேல் மின்முறையில் வெள்ளி பூசப்பட்டதைக் குறிக்கும். வீடுகளில் புழங்கும் ஜெர்மன் சில்வரோ செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளியே இல்லை. பலமுறை துலக்கிய பாத்திரத்தில் உண்மையான குறியும் தேய்ந்து மறையும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெள்ளிக்கான ஹால்மார்க் திட்டத்தை 2005 இல் தொடங்கியது. செப்டம்பர் 1, 2025 முதல் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாள எண் தரும் முறை விருப்ப அடிப்படையில் நடைமுறைக்கு வந்தது.

பழைய பாத்திரத்தை உரைகல்லில் தேய்த்தால் வேலைப்பாடு சேதமடையும். ஊடுகதிர்க் கருவி கீறலின்றி அளக்கும். ஆனால் மேற்பரப்பை மட்டுமே காண்பதால், தடித்த வெள்ளிப் பூச்சை அது தனி வெள்ளி என்று காட்டிவிடலாம். ஆகவே எடை, அடர்த்தி, வேலைப்பாடு, குறி ஆகியவற்றைச் சேர்த்தே வல்லுநர்கள் முடிவு செய்கின்றனர்.