பன்றிக்கு ஃபிக்சட் டெபாசிட் கிடையாது!

முப்பத்திமூணு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு நாலு ஏக்கரில் இயற்கை விவசாயம். எருவுக்காகத்தான் கடன் வாங்கிப் பத்து வெண்பன்றிக் குட்டிகளை இறக்கினேன்.

ஆள் வசதி இல்லை. அதனால் காலையில் மக்காச்சோளக் குருணையும் தவிடும், சாயங்காலம் கடலைப் புண்ணாக்கு மட்டும் என்று பிரித்துப் போட்டேன். கணக்குப்படி புரதம் சரிதான். ஆனால் எட்டு மாசத்தில் எடை ஏறவில்லை. கொட்டகையில் மூத்திர நெடி மூக்கைத் துளைத்தது. வியாபாரி கேட்ட விலை தீவனச் செலவுக்கே காணாது. கடன்காரருக்கு நோட்டீஸ் அனுப்பிய எனக்கே நோட்டீஸ் வரும் நிலை!

"ரெண்டையும் ஏன் சார் தனித்தனியா போடுறீங்க?" என்று கேட்டார் கால்நடை மருத்துவர். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

மாவுச்சத்து மிஞ்சினால் கொழுப்பாகச் சேரும். அது ஃபிக்சட் டெபாசிட். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களுக்கு அப்படியொரு கணக்கே கிடையாது. தின்ற சில மணி நேரம் இரத்தத்தில் ஏறும், பிறகு இறங்கும். அதற்குள் சதையானால் உண்டு. மிஞ்சியதை ஈரல் உடைத்து, யூரியாவாக்கி, சிறுநீரில் தள்ளிவிடும். நான் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்குதான் நெடியாக அடித்திருக்கிறது!

இன்னொன்று, இது ஜாயின்ட் கணக்கு. ஒரு கையெழுத்து குறைந்தாலும் செக் பாஸ் ஆகாது. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு இரண்டிலுமே குறைவது லைசின். சோயா புண்ணாக்கு, பயறு வகைகள், கருவாட்டுத்தூளில் அது தாராளம்.

ஆஸ்திரேலியாவில் பேட்டர்ஹாம் என்பவர் 1970களில் செய்த சோதனைகளும் இதையே காட்டின. தனி லைசினைக் கலந்த தீவனத்தை நாளுக்கு ஒரே வேளையாகக் கொடுத்தபோது அந்த லைசினில் கணிசமான பங்கு வீணானது. பல வேளையாகப் பிரித்தபோது நன்றாகப் பயன்பட்டது.

சரி, பட்டினி போட்டால்? இரத்தத்தில் அமினோ அமிலம் தீர்ந்துவிடாது. பன்றி தன் சதையையே உடைத்து அனுப்பும். லூசின், வேலின் போன்றவை ஏறக்கூடச் செய்யும். ஆகவே இரத்தத்தில் அளவு அதிகம் என்றாலே நல்ல தீவனம் என்று நம்பிவிடாதீர்கள். கடைசியாக எப்போது தின்றது என்று கேளுங்கள்.

அடுத்த குட்டிகளுக்குப் புண்ணாக்கில் பாதியைக் குறைத்து, வேகவைத்த கொள்ளு சேர்த்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, காலை மாலை இரண்டு வேளையும் போட்டேன். நெடி குறைந்தது, எடை ஏறியது. கடன் தவணையும் தவறவில்லை.

கொட்டகையில் நெடி அடித்தால் பினாயிலைத் தேடாதீங்க. முதலில் தீவனத் தொட்டியைப் பாருங்க.