நோபல் வாங்கிய டீச்சரம்மா

"லேத்தும் டிராயிங் போர்டுமா இருக்கிற நமக்குக் கவிதை எதுக்குப்பா?" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. கேளுங்கள், தப்பில்லை. இவருடைய கதையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

பெயர் கப்ரியேலா மிஸ்ட்ரல். தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக்காரர். ஸ்பானிய மொழியில் எழுதியவர். 1945-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். லத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் இலக்கிய நோபல் அப்போதுதான் முதல் முறையாகக் கிடைத்தது. நெருடா, மார்க்வெஸ் எல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

இயற்பெயர் லூசிலா கோடோய். 1889 ஏப்ரல் 7-ஆம் நாள், மலைகள் சூழ்ந்த எல்கி பள்ளத்தாக்கில் விக்குன்யா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வாத்தியார், பாட்டும் கட்டுவார். குழந்தைக்கு மூன்று வயசு இருக்கும்போது வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா துணி தைத்தார். அம்மாவின் மூத்த மகள் எமெலினா டீச்சர் வேலை பார்த்தார். தங்கைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததும் அந்த அக்காதான்.

பதினைந்து வயசிலேயே லூசிலா கிராமப் பள்ளியில் உதவி ஆசிரியை ஆகிவிட்டார். நம்மில் பலர் பத்தாம் வகுப்பு எழுதிய வயசு! முறையாகப் படிக்கலாம் என்று லா செரேனா நகரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போனால், இடமில்லை என்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளில் அவர் எழுதியவை மதத்துக்கு ஆகாதவையாம்! அவர் விடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே தானாகப் படித்து, 1910-இல் சாந்தியாகோவில் தேர்வெழுதி ஆசிரியத் தகுதி பெற்றார்.

அதோடு பேச்சு நின்றதா? இல்லை. 1921-இல் தலைநகரில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக நியமித்தபோது, "பட்டம் இல்லாதவருக்கா இந்தப் பதவி?" என்று எதிர்ப்பு கிளம்பியது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். "டிப்ளமோதானே?" என்று உறவுக்காரர் ஒருவர் இழுத்தது இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நோபலைவிட அவர் வாழ்க்கையின் இந்தப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கவிதைக்கு வருவோம். 1914-இல் சாந்தியாகோவில் நடந்த கவிதைப் போட்டியில், மரணத்தைப் பற்றிய சில பாடல்களுக்காக முதல் பரிசு கிடைத்தது. கப்ரியேலா மிஸ்ட்ரல் என்கிற புனைபெயர் அப்போதுதான் நாடறிந்த பெயரானது. தேமுகோ ஊரில் தலைமையாசிரியையாக இருந்தபோது, கூச்ச சுபாவமுள்ள ஒரு பையனுக்கு ரஷ்ய நாவல்களைப் படிக்கக் கொடுத்தார். அந்தப் பையன்தான் பாப்லோ நெருடா! 1971-இல் அவருக்கும் நோபல்.

1922-இல் மெக்சிகோவின் கல்வி அமைச்சர் வாஸ்கோன்சேலோஸ், பள்ளிகளையும் நூலகங்களையும் சீரமைக்க உதவும்படி இவரை அழைத்தார். பயிற்சிப் பள்ளி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவரை, ஒரு நாடே பள்ளிக்கூடம் அமைக்கக் கூப்பிட்டது! அதே ஆண்டு முதல் நூல் 'தெசோலாசியோன்' நியூயார்க்கில் வெளியானது. நம் தாகூரின் கவிதைகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளும் அதில் உண்டு.

இவர் எழுத்தில் எனக்குப் பிடித்தது குழந்தைகளைப் பற்றியவை. தாலாட்டு என்றால் கொஞ்சல் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இவருடைய தாலாட்டில் தாயின் பயமும் தனிமையும் இருக்கின்றன. செருப்பில்லாத பிள்ளைகளின் பாதங்களைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். பள்ளி வராந்தாவில் நின்று பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும். இவர் மணம் செய்துகொள்ளவில்லை. மகனாக வளர்த்த பையன் 1943-இல் பிரேசிலில் இறந்துபோனான். அந்தத் துயரம் ஆறும் முன்பே வந்ததுதான் நோபல்.

1938-இல் வெளியான 'தாலா' நூலின் வருமானத்தை, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வீடிழந்த குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார். சொந்த நாடு என்ன செய்தது தெரியுமா? சிலியின் தேசிய இலக்கியப் பரிசு 1951-இல்தான் வந்தது. நோபலுக்கு ஆறு வருஷம் கழித்து!

1957 ஜனவரி 10-இல் நியூயார்க்கில் காலமானார். தென் அமெரிக்காவில் தன் நூல்கள் விற்றுவரும் பணம், தான் வளர்ந்த மோந்தேகிராந்தே கிராமத்தின் ஏழைப் பிள்ளைகளுக்குச் சேரவேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அவர் கல்லறையும் அந்த ஊரிலேயே இருக்கிறது.