எது இயல்பு?

கீழே ஏதோ இறங்குவது போலிருக்கிறது என்று தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்றார். எது 'அப்படித்தான்' என்று யாராவது அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். 2005-இல் வெளியான ஆய்வொன்றில், டீட்ஸ் குழுவினர் இதுவரை கருவுறாத 52 இளம்பெண்களை முப்பரிமாண அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். கருவியை வெளியே வைத்தாலே போதும், கதிர்வீச்சு கிடையாது. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை, நடுவே ஒரு வாசல் விட்டிருக்கிறது. குழந்தை வருவதும் அதன் வழியேதான். (இத்தனை உழைக்கும் தசைக்கு நம் பேச்சில் ஒரு பெயர்கூட இல்லை, கூச்சம்தான்!) ஓய்வில் அவ்வாசலின் பரப்பு ஒருத்திக்கு 6 சதுர சென்டிமீட்டர், இன்னொருத்திக்கு 18. முக்கினால் இன்னும் விரியும்.

பிள்ளை பெறுமுன்பே இவ்வளவு வேறுபாடு என்றால், பரப்பை மட்டும் வைத்து என்னைப் பழுது என்று சொல்லிவிட முடியாது. எலும்பிலிருந்து தசை பிய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அடுத்த வாரம் பார்க்கிறார்கள்.